கிழங்கானுக்குப் பெயர் வைத்தவர்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிழங்கான் மீனைப் பற்றியவை. போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "கிழங்கான் மணலில் பதுங்கும், மணலையே அள்ளித் தின்னும்" என்று. அதில் முன்பாதி சரி, பின்பாதி தப்பு. திட்டும் வந்திருக்கிறது, அதைக் கடைசியில் வாங்கிக்கொள்கிறேன். சங்கு, பவளம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி, லீவுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு மணப்பாடு போயிருந்தோம். முழங்கால் தண்ணீரில் நின்றபோது ஒரு சாண் மீன் காலருகே வந்து, அப்படியே மணலுக்குள் போய்விட்டது. "மண்ணுக்குள்ள மீன் எப்படிப்பா போகும், எப்படிப்பா மூச்சு விடும்?" என்கிறாள். என்ன சொல்ல?
— தூத்துக்குடி வாசகர்

முதலில் மகளுக்கு ஒரு சபாஷ். காலருகே மீன் வந்தால் பெரியவர்களே கூச்சல் போட்டுக்கொண்டு கரையேறுவார்கள். அவள் நின்று பார்த்திருக்கிறாள்.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் கிழங்கான்தான். வெளிறிய மணல் நிறம், நீண்டு உருண்ட உடம்பு, கூம்பு மாதிரி மூஞ்சி, அதன் நுனியில் சின்ன வாய். மணலைத் துளைப்பதற்கென்றே சீவி வைத்த உடம்பு அது. மிரண்டால் தலையைக் குத்தி, உடம்பை இரண்டு நெளி நெளித்து உள்ளே போய்விடும். மேலே ஒரு சிறு கலங்கல் தெரியும். அடுத்த அலை அதையும் துடைத்துவிடும். மூச்சுக்கு அவ்வளவு கஷ்டமில்லை. கடலோர மணல் சேறு மாதிரி இறுகிக் கிடக்காது, குருணைக்குக் குருணை நடுவில் தண்ணீர் இருக்கும். தவிர, கிழங்கான் அங்கேயே குடியிருப்பதும் இல்லை. ஆபத்து தாண்டியதும் வெளியே வந்துவிடும்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் உள்ளங்காலில் படித்தேன். எங்கள் ஊரில் கரைவலை இழுக்கும்போது, வலை கரையை நெருங்கியதும் பொடியன்களை அதன் பின்னால் இறக்கிவிடுவார்கள். வலையின் அடிக்கயிறு வருகிற அரவம் கேட்டதும் சாளையும் காரப்பொடியும் மடிக்குள் ஓடும். கிழங்கான் மட்டும் மணலில் இறங்கிவிடும். வலை அதன் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும். நாங்கள் காலைத் தூக்காமல், மணலைத் தேய்த்துக்கொண்டே நடப்போம். உள்ளங்காலுக்கு அடியில் வழுவழுவென்று ஏதோ ஒன்று துடிக்கும். அந்த நொடியில் காலை எடுத்தால் போச்சு. குதிகாலால் அழுத்திக்கொண்டு, குனிந்து, கையை மணலுக்குள் விட்டு, தலைக்குப் பின்னால் கவ்விப் பிடிக்க வேண்டும். முதல் நாள் எனக்கு ஏழெட்டு தப்பியது. எட்டாம் வகுப்பு முடிவதற்குள் ஒரு இழுப்புக்கு நாலைந்து பிடிக்கிற அளவுக்குக் கால் தேறிவிட்டது. காலால் பிடித்தது பொடியன்களுக்கே என்பது எங்கள் கரை வழக்கம், அதனால் அக்கறையும் அதிகம்.

பெயர்க் காரணமும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் அப்பா சொல்வது, "பனங்கிழங்கு மாதிரி மண்ணுக்குள்ள நீட்டமா இருக்கும், தோண்டி எடுக்கணும், அதான் கிழங்கான்." இதற்கு அகராதிச் சான்று கேட்காதீர்கள். காலுக்கடியில் அதைத் தொட்டுப் பார்த்தவன் வேறு காரணம் தேட மாட்டான்.

எங்கள் பாடப்புத்தகத்தில் கிழங்கானுக்கு "சில்லாகோ சிஹாமா (ஃபோர்ஸ்கால்)" என்று போட்டிருக்கிறது. அடைப்புக்குறிக்குள் இருக்கிற ஃபோர்ஸ்கால் யார்? சில மீன்களுக்கு மட்டும் அடைப்புக்குறி ஏன்?
— விலங்கியல் மாணவி, நாகர்கோவில்

அடைப்புக்குறிக்கு விடை ஒரு வரிதான். முதலில் பெயர் வைத்தவர் அந்த மீனை வேறு பேரினத்தில் சேர்த்திருந்து, பின்னால் வந்தவர்கள் அதை இடம் மாற்றினால், முதல் ஆளின் பெயரை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். ஃபோர்ஸ்கால் கிழங்கானை 'அத்தெரினா' என்ற வெள்ளிக்கோட்டு மீன் கூட்டத்தில் சேர்த்திருந்தார். பிரான்சின் விலங்கியலாளர் கூவியே பின்னர் 'சில்லாகோ' என்று தனிப் பேரினம் அமைத்தார். பரீட்சைக்கு இது போதும்.

அடைப்புக்குறிக்குள் இருக்கிற ஆளைப் பற்றி இரண்டு வரியில் சொல்ல எனக்கு மனம் வராது. முப்பது வருஷம் கல்லூரியில் கரும்பலகையில் அந்தப் பெயரை எழுதியிருக்கிறேன். அவர் கதை தெரிந்தது ஓய்வு பெற்ற பிறகுதான். வெட்கமான விஷயம்.

பீட்டர் ஃபோர்ஸ்கால் 1732-ல் ஹெல்சிங்கியில் பிறந்தவர். உயிர்களுக்கு இரட்டை லத்தீன் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸின் மாணவர். வாய் சும்மா இருக்காத ஆள்: 1759-ல் குடிமக்களின் சுதந்திரத்தைப் பற்றி ஸ்வீடனில் ஒரு சிறு நூல் போட்டார், அரசு அதைப் பறிமுதல் செய்தது. 1761-ல் டென்மார்க் அரசர் அரேபியாவுக்கு அனுப்பிய ஆய்வுக் குழுவில் இயற்கையியலாளராகக் கப்பலேறினார். குழுவில் ஆறு பேர். மொழியறிஞர், மருத்துவர், ஓவியர், நில அளவையாளர், இவர், ஒரு பணியாள். செங்கடல் வழியாக வந்து 1762-ன் கடைசி நாட்களில் ஏமனின் லுஹையா துறையில் இறங்கினார்கள். கிழங்கானுக்கு அறிவியல் பெயர் பிறந்த இடம் அந்த லுஹையாதான்.

அவர் மீனைப் பாதுகாத்த விதத்தைக் கேளுங்கள். அடிப்படையில் அவர் செடி ஆள். செடியை எப்படித் தாளில் வைத்து அழுத்திக் காயவைப்பார்களோ, அப்படியே மீனையும் செய்தார். மீனை நீளவாக்கில் பிளந்து, சதையை வழித்து, ஒரு பக்கத்துத் தோலைத் துடுப்புகளோடு எடுத்து, காயவைத்துத் தாளில் ஒட்டினார். அப்பளம் மாதிரி தட்டையான மீன்கள்! சாராயத்தில் போட்டவையும் உண்டு. மோக்கா துறைமுகத்தில் சுங்கக்காரர்கள் அந்தப் பீப்பாய்களைத் திறந்தபோது கிளம்பிய நாற்றத்தில் பெரிய ரகளையே ஆனது. தாளில் ஒட்டிய மீன்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் அவை இன்றும் இருக்கின்றன, கிழங்கானின் காய்ந்த தோல் உட்பட.

பெயர் வைப்பதிலும் எனக்கு அவரைப் பிடிக்கும். லத்தீனில் அழகாக எதையாவது புனைந்து வைக்கிற காலம் அது. இவர் கரையில் மீன்காரர்களிடம் போய் "இதை என்ன சொல்வீர்கள்?" என்று அரபியில் கேட்டு, சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். 'சிஹாமா' அந்தக் கரையின் அரபுப் பெயர். நீங்கள் பரீட்சையில் எழுதுகிற அந்தச் சொல்லை முதலில் உச்சரித்தது யாரோ ஒரு ஏமன் வலைக்காரர்.

ஏமனில் இறங்கி ஏழு மாதம் ஆகவில்லை, 1763 ஜூலை 11 அன்று, யரீம் என்ற மலை ஊரில் மலேரியாவில் இறந்தார். வயது 31. குழுவில் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள், இரண்டு பேர் பம்பாய்க்கு வரும் கப்பலிலேயே. 1767-ல் ஊர் திரும்பியது நில அளவையாளர் கார்ஸ்டன் நீபூர் மட்டும். இறந்த நண்பரின் குறிப்புகளை அவர்தான் 1775-ல் நூலாக அச்சிட்டார். ஃபோர்ஸ்கால் தன் மீன்களை அச்சில் பார்க்கவே இல்லை.

தரங்கம்பாடியில் இருந்த பாதிரிமார் மீன் சேகரித்து ஜெர்மனிக்கு அனுப்பினார்கள் என்று எங்கள் ஊரில் ஒரு கதை உண்டு. உண்மையா ஐயா?
— மயிலாடுதுறை வாசகர்

உண்மைதான். கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்கிற பாதிரியார். பள்ளிக்கூடம் நடத்திய நேரம் போக மீன், சிப்பி என்று எதையாவது சேர்த்துக்கொண்டிருப்பார். மீன்களை பெர்லினில் இருந்த மார்க்கஸ் எலியேசர் பிளாக் என்ற யூத மருத்துவருக்கு அனுப்பிவைத்தார். பிளாக் பெரிய ஆள். ஐம்பது வயதைத் தாண்டித்தான் மீன் பற்றி எழுதத் தொடங்கினார், 1782-லிருந்து 1795 வரை பன்னிரண்டு பாகம், 432 வண்ணப் படங்கள். நன்றிக்கடனாக ஒரு மீன் பேரினத்துக்கே 'ஜானியஸ்' என்று பெயர் வைத்தார். நம் கத்தாழை மீன்கள்தான்.

ஜான் மீனோடு தமிழ்ப் பெயரையும் எழுதி அனுப்பினார். அதன் விளைவைப் பாருங்கள்: ஒரு கத்தாழையின் அறிவியல் பெயர் 'ஜானியஸ் கருட்டா'. லத்தீன் மாதிரி தெரிகிறதா? 'கருத்த கத்தாழை' என்பதில் உள்ள கருத்ததுதான் அது. விராலை 'விரால்' என்றே ஜெர்மன் எழுத்தில் கூட்டி எழுதினார் பிளாக். அதைப் பார்த்து பிரெஞ்சுக்காரர் லாசெப்பேத், அதையே லத்தீன் பெயராக வைத்துவிட்டார். அது நிலைக்கவில்லை, நிலைத்திருந்தால் உலகம் முழுக்க விரால் விராலாகவே இருந்திருக்கும்.

சரி, கிழங்கானுக்கு வருவோம். பிளாக் 1799-ல் இறந்துவிட்டார். முடியாமல் கிடந்த அவருடைய பெரிய தொகுப்பை ஷ்னைடர் என்கிற கிரேக்க மொழிப் பண்டிதர் 1801-ல் வெளியிட்டார். அதில் கிழங்கானுக்கு 'சயீனா மலபாரிகா' என்று இன்னொரு பெயர். கேரளத்து மீன் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் காலத்தில் தரங்கம்பாடி ஜெர்மானியர்கள் தமிழைத்தான் 'மலபார் மொழி' என்றார்கள், தமிழர்களை 'மலபாரிகள்' என்றார்கள். அதனால் அந்த 'மலபாரிகா'வை 'தமிழ்நாட்டு' என்று படிப்பதே சரி என்பது என் கட்சி. ஆனால் ஃபோர்ஸ்கால் முந்திவிட்டார், 1775. முந்தியவர் வைத்த பெயருக்கே பட்டா என்பது விதி. மலபாரிகா இன்று மறுபெயர்ப் பட்டியலில் கிடக்கிறது.

அந்த நூலின் பாகுபாடு ஒரு தமாஷ். மீன்களைத் துடுப்பு எண்ணிக்கையை வைத்துப் பிரித்திருக்கிறார்கள்: பதினொரு துடுப்புக்காரர், பத்துத் துடுப்புக்காரர் என்று இறங்கிக்கொண்டே வந்து துடுப்பே இல்லாதவர் வரை. கிழங்கானை எண்ணிப் பாருங்கள். முதுகில் இரண்டு, மார்பில் இரண்டு, வயிற்றில் இரண்டு, கீழே ஒன்று, வால் ஒன்று. எட்டு. கிழங்கான் எட்டாம் வகுப்பு.

ஓட்டலில் 'லேடி ஃபிஷ்' என்று கிழங்கானைக் கொடுக்கிறார்கள். கைப்பேசியில் தேடினால் வேறு மீன் வருகிறது. எது சரி?
— சென்னை வாசகர்

ஓட்டல்காரர் உங்களை ஏமாற்றவில்லை. இந்தியாவில் லேடி ஃபிஷ் என்றால் கிழங்கான். மங்களூர்ப் பக்கம் காணே என்பார்கள். அமெரிக்காவில் லேடி ஃபிஷ் என்றால் எலோப்ஸ் என்ற வேறு மீன். கைப்பேசி அமெரிக்காவில் படித்தது.

எங்கள் தாத்தா, "கிழங்கான்ல ஒரே ஜாதி கிடையாதுடா, நாலு ஜாதி இருக்கு" என்கிறார். புத்தகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. தாத்தா சொல்வது சரியா?
— பத்தாம் வகுப்பு மாணவர், இராமேஸ்வரம்

தம்பி, தாத்தா பக்கம் நில். புத்தகம் பழசு.

இந்தக் குடும்பத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. எல்லாமே மணல் நிறம், எல்லாமே கூம்பு மூஞ்சி. வெளியே பார்த்துப் பிரிப்பது பெரும்பாடு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து அருங்காட்சியகத்தில் இருந்த ரோலண்ட் மெக்கே, வயிற்றுக்குள் பார்த்துப் பிரித்தார். அம்மா மீன் கழுவும்போது நீயும் பார்க்கலாம். குடலை மெதுவாக எடுத்துவிட்டால், முதுகெலும்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வெள்ளையாக, நீளமாக ஒரு காற்றுப்பை இருக்கும். கத்தி படாமல் பார்த்துக்கொள், கிழிந்தால் ஒன்றும் தெரியாது. அந்தப் பையின் பின்முனை இரண்டு வாலாகப் பிரிந்திருக்கிறதா, ஒரே வாலாக முடிகிறதா என்று பார். சிஹாமாவுக்கு இரண்டு வால். வேறு சிலதுக்கு ஒன்றே ஒன்று. ஒரு இனத்துக்குப் பையே சுருங்கி, பேருக்கு இருக்கும்.

விசாகப்பட்டினத்தில் நடந்ததையும் சொல்கிறேன். பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் அங்கே இருந்து, 200 மீன்களைப் படத்தோடு 1803-ல் வெளியிட்டார். அவர் லத்தீன் பெயரே வைக்கவில்லை. தெலுங்குக் கரையில் என்ன சொன்னார்களோ அதையே தலைப்பாகப் போட்டார். கிழங்கானுக்கு 'சோரிங்' என்று இருக்கும். 1982-ல் அதே விசாகப்பட்டினத்தில் தத், சுஜாதா என்ற இரு ஆய்வாளர்கள், சிஹாமாவோடு கலந்து கிடந்த ஒன்றைப் புது இனம் என்று பிரித்துக் காட்டி 'சில்லாகோ சோரிங்கா' என்று பெயரிட்டார்கள். தெலுங்குப் பெயர் லத்தீன் வேஷம் கட்ட 179 வருஷம் ஆகியிருக்கிறது.

அப்புறம், சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குள் போன கிழங்கானை சிஹாமா என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்ததும் அது வேறு இனம் என்று தெரிந்தது. 2013-ல் 'சில்லாகோ சுயெசென்சிஸ்' என்று பெயர் கொடுத்தார்கள். ஃபோர்ஸ்கால் மீன் பிடித்த அதே செங்கடலின் வடகோடியில் இன்னொரு கிழங்கான் இருந்திருக்கிறது, 250 வருஷம் யார் கண்ணிலும் படாமல்.

உன் தாத்தாவிடம் நாலு ஜாதியையும் எப்படிப் பிரிக்கிறார் என்று கேட்டு எனக்கு எழுது. நிறத்தை வைத்தா, செதிலை வைத்தா, கிடைக்கிற இடத்தை வைத்தா, ருசியை வைத்தா? நான் கேலிக்குச் சொல்லவில்லை. தபால் செலவு என்னுடையது.

இந்திய மீன்களைப் பற்றி எழுதிய ஃபிரான்சிஸ் டே சென்னையில் இருந்தவர்தானே? அவர் சேகரித்த மீன்கள் எங்கே?
— வேலூர் வாசகர்

மதராஸ் ராணுவ மருத்துவராக வந்து, பின்னர் இந்திய மீன்வளத்துக்கே தலைமை அதிகாரியானவர். அவருடைய 'இந்திய மீன்கள்' 1875 முதல் 1878 வரை வெளிவந்தது. இன்றைக்கும் அதைப் புரட்டாமல் வேலை ஆகாது. மீன்களில் ஒரு பெரிய பகுதி சிட்னியில் இருக்கிறது. லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த குந்தருக்கும் இவருக்கும் ஆகாது. எனவே ஆஸ்திரேலியாவுக்கு விற்றுவிட்டார். இரண்டு பெரிய மனிதர்கள் முகம் திருப்பிக்கொண்டதில், நம் கடல் மீனைப் பார்க்க நாம் சிட்னிக்கு விமானம் ஏற வேண்டியிருக்கிறது.

மணலில் புதையும் உயிர்களை அந்தக் காலத்து அறிஞர்கள் தவறாக வகைப்படுத்தியது உண்டா?
— திருச்சி வாசகி

எக்கச்சக்கம். ஒன்று சொல்கிறேன். விலங்கியல் படித்தவர்களுக்கு ஆம்ஃபியாக்ஸஸ் என்ற சின்னக் கடலுயிர் ஞாபகம் இருக்கும். நானும் ரெக்கார்டு நோட்டில் ஹெச்பி பென்சிலால் வரைந்து, கோடு தடித்துவிட்டது என்று திருப்பி வாங்கி, மறுபடி வரைந்திருக்கிறேன். விரல் நீளம்கூட இருக்காது. உடம்பு மணலுக்குள், தலை மட்டும் வெளியே. இங்கிலாந்தின் கார்ன்வால் கரையிலிருந்து போன ஒன்றைப் பார்த்த ஜெர்மன் இயற்கையியலாளர் பல்லாஸ், 1774-ல் அதை நத்தை வகையில் சேர்த்து, ஓடில்லா நத்தை என்று பெயர் வைத்துவிட்டார். பல்லாஸ் சாதாரண ஆள் இல்லை. நாலு வருஷம் முன்னால்தான் ஐரோப்பியக் கரையின் மணல் உளுவைக்குச் சரியாகப் பெயர் வைத்திருந்தார். 1834-ல் நேப்பிள்ஸில் கோஸ்டா பார்த்த பிறகுதான் அது நத்தையல்ல, முதுகெலும்பிகளின் சொந்தக்காரன் என்று தெரிய ஆரம்பித்தது. அறுபது வருஷம் நத்தையாக வாழ்ந்திருக்கிறது, பாவம்.

வாத்தியாரய்யா, கிழங்கான் மண்ணைத் தின்னும் என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகன் படித்துக் காட்டினான். நான் நாற்பது வருஷமாக மீன் விற்கிறேன். எத்தனை கிழங்கான் வயிற்றைக் கீறியிருப்பேன்! நீங்கள் எத்தனை கீறினீர்கள்?
— மீன் விற்கும் அம்மா, நாகப்பட்டினம்

உங்களைவிடக் குறைவு அம்மா, ரொம்பக் குறைவு.

கடிதம் வந்த மறுநாள் காலை சந்தையில் அரைக்கிலோ வாங்கினேன். பதினொன்று நின்றது. வீட்டில் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கீறிப் பார்த்தேன். நாலில் வயிறு காலி. ஐந்தில் மணல்புழு, செரித்தும் செரிக்காமலும். இரண்டில் குஞ்சு இறால், மீசைகூட அப்படியே இருந்தது. மணல் இருந்தது, ஆனால் ஒரு சிட்டிகை. புழுவை உறிஞ்சும்போது கூடவே போனது. கிழங்கான் தின்பது புழுவும் இறாலும்தான். மணல் அதற்குச் சாப்பாடு இல்லை, தட்டு. நான் எழுதியது தப்பு, திருத்திக்கொள்கிறேன்.

பதினொன்றையும் அப்புறம் மிளகு, மஞ்சள் தடவி வறுத்தோம். வயிற்றைத் தாறுமாறாகக் கீறிவிட்டேன் என்று வீட்டிலும் திட்டு விழுந்தது.